ஒப்பாரியில் திரும்பிய பேச்சு

பிள்ளைக்கு உரைமருந்து புகட்டிக்கொண்டிருந்த சங்கு, என் மனைவி வேலம்மாளின் வலக்கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. அவள் குனிந்து எடுக்கவில்லை. தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு நாளாகத் தலைவலி என்று சொல்லிக்கொண்டிருந்தவள். "என்ன செய்யுது?" என்று கேட்டேன். பதில் சொல்ல வாயைத் திறந்தாள். வாய் ஒரு பக்கமாகக் கோணியது.

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. சங்கரன்கோவிலில் எனக்கு வாடகை சைக்கிள் கடை. வேலம்மாள் குருவிகுளம் பக்கத்துக் கரிசல் கிராமத்துக்காரி. அவளுக்குத் தாய் இல்லாததால் தலைப்பிரசவம் எங்கள் வீட்டிலேயே நடந்தது. பெண் குழந்தை. கோமதி என்று பெயர் வைத்து அதிக நாள் ஆகவில்லை. என் அம்மா, மருமகளின் முகத்தைப் பார்த்ததுமே பிள்ளைப்பேற்று ஜன்னி என்று முடிவுகட்டி, சுக்கு தட்டப் போய்விட்டாள். நான் வாடகைக் கார் தேடி ஓடினேன்.

திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் பக்கவாதம் (உடம்பின் ஒரு பாதி செயலற்றுப் போவது) என்றார்கள். "பிரசவம் ஆனவங்களுக்கு எப்பவாவது இப்படி வரும். ரத்தம் உறைஞ்சு மூளையில சிரையை அடைச்சிரும்" என்றார் டாக்டர். சிரை (கெட்ட ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்) என்ற சொல்லை அன்றுதான் கேட்டேன். "கால் வந்துரும். கை ஓரளவு வரும். பேச்சைப் பத்தி நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்."

அவர் சொன்னபடியே நடந்தது. காலை இழுத்து இழுத்து நடக்கத் தொடங்கினாள். பேச்சு வரவில்லை. "தே" என்ற ஒரு சத்தம் மட்டும் மிஞ்சியது. தண்ணீர் வேண்டுமென்றாலும் தே, பிள்ளை அழுகிறது என்றாலும் தே. கோமதியைப் பார்த்துப் பெயர் சொல்ல முயன்று, அதே சத்தம் வந்ததும், இடக்கையால் நெற்றியில் அடித்துக்கொள்வாள்.

வீட்டில் இப்படி ஒருவரை வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பேச்சுப் போனவருக்குப் புத்தியும் போய்விட்டது என்று நினைத்து அவர் காதுபடப் பேசாதீர்கள். எங்கள் வீட்டில் பேசினார்கள். புளியங்குடியில் எலுமிச்சை வியாபாரம் செய்துவந்த என் தாய்மாமன், அவள் படுத்திருந்த அறையிலேயே உட்கார்ந்து, "எத்தன நாளைக்கு மாப்ள இப்படிப் பாப்ப? அவ அண்ணன் வீட்ல கொண்டு விட்டுட்டு வா. எங்க ஊர்ல ஒரு பொண்ணு இருக்கு. பிள்ளையையும் பாத்துக்கிடுவா" என்றார். நான் அவர் துண்டை எடுத்துக் கையில் கொடுத்து வாசல்வரை கொண்டுபோய் விட்டேன். அம்மா அவரை மறுத்துப் பேசாததுதான் எனக்குப் பயமாக இருந்தது. வேலம்மாள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

அதற்குப் பிறகு ஒரு மத்தியானம், அடுத்த தெருவில் ஒரு பெரியவர் இறந்துபோனார். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். துட்டி வீட்டில் பெண்கள் ஒப்பாரி தொடங்கிய சத்தம் ஓடுகளின் மேலாக வந்தது. சற்று நேரத்தில் அதே ராகம் எங்கள் வீட்டுக்குள்ளிருந்து கேட்டது.

"கரிசக் காட்டுப் பாதையில, என்னப் பெத்தாளே,
காத்திருப்பேன்னு சொன்னியே..."

ஒரு சொல் பிசகவில்லை. கொன்னல் இல்லை, குழறல் இல்லை. பல மாதமாக 'தே' தவிர வேறெதுவும் சொல்லாத வாயிலிருந்து முழுசு முழுசாக வார்த்தைகள் இறங்கின. பிசைந்த சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அம்மா ஓடிவந்து அவள் வாயைப் பொத்தினாள். "பச்சப்புள்ள கெடக்க வீட்ல ஒப்பாரி வைக்காளே! ஏலே, பாத்துக்கிட்டா இருக்க?" வீட்டுக்குள் ஒப்பாரி பாடுவது சாவைக் கைதட்டிக் கூப்பிடுவது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அம்மாவின் கையை விலக்கி, "வேலம்மா, இப்பப் பேசு, ஏதாவது சொல்லு" என்றேன். அவளும் ஆவலோடுதான் வாயைத் திறந்தாள். "தே" என்றாள்.

மறுநாளே அவளை டாக்டரிடம் கூட்டிப்போனேன். வார்டில் சுற்றிலும் நோயாளிகள். ஒப்பாரி பாடச் சொன்னால் அடிக்க வருவார்கள். டாக்டரே எங்களை ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கம் ஒரு வேப்பமரத்தடிக்கு அழைத்துப்போய்க் கேட்டார். அவள் பாடி முடித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பேச்சு மூளைக்கு இடப்பக்கம் இருக்கு. அங்கதான் அடைப்பு. ராகம் வேற எங்கயோ இருக்கணும். புஸ்தகத்துல படிச்சதோட சரி, இப்பத்தான் கண்ணால பாக்குதேன். வேற பாட்டும் படிக்கச் சொல்லிப் பாருங்க."

தாலாட்டு, கும்மி, கோயில் பாட்டு என்று எல்லாவற்றையும் நானே என் கழுதைக் குரலில் பாடிக் காட்டினேன். எதுவும் வரவில்லை. அவள் தன் தாய் செத்த அன்று பாடிய ராகம் மட்டுமே அவளிடம் இருந்தது. அம்மா வீட்டில் இருக்கும்போது அதற்கும் வழியில்லை.

ஒருநாள் அம்மா வாசலில் பக்கத்து வீட்டுக்காரியோடு பேசிக்கொண்டிருந்தாள். நான் திண்ணையில் சைக்கிள் டியூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து குரல் எழுந்தது.

"அடுப்புல சோறு பொங்குது, என்னப் பெத்தாளே,
ஆரும் பாக்க மாட்டியளா..."

அம்மா உள்ளே ஓடினாள். சோறு நிஜமாகவே பொங்கி அடுப்பை அணைத்துக்கொண்டிருந்தது. பானையை இறக்கி வைத்துவிட்டு, சேலைத்தலைப்பைக் கையில் பிடித்தபடி மருமகளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். எனக்கு அப்போதுதான் விளங்கியது. மற்றப் பாட்டுகளுக்கு வார்த்தை ஏற்கெனவே கட்டிவைத்தது. ஒப்பாரிக்கு அப்படியில்லை, பாடுகிறவள்தான் அந்த நேரத்துத் துக்கத்துக்குத் தக்கபடி வார்த்தையைச் சேர்த்துக்கொண்டே போவாள். அந்த வழியாகத்தான் வேலம்மாள் சோறு பொங்கிய சேதியைக் கொண்டுவந்திருந்தாள்.

அடுத்த முறை மாமா வந்து பெண் பேச்சை எடுத்தபோது, அம்மா முந்திக்கொண்டாள். "தம்பி, என் மருமவ சோறு பொங்குனாப் பாட்டுப் படிச்சுச் சொல்லுவா. உன் புளியங்குடிக்காரி சொல்லுவாளா?" அந்தப் பேச்சு அதோடு நின்றது.

ஆனாலும் அம்மா சில கட்டுப்பாடு போட்டாள். விளக்கு வைக்கிற நேரத்தில் பாடக்கூடாது, செவ்வாய், வெள்ளி பாடவே கூடாது. வேலம்மாளும் ஒழுங்காகக் கடைப்பிடித்தாள். அந்த இரண்டு நாளும் வீடு பழையபடி 'தே'யில் ஓடும். பிறகொரு வெள்ளிக்கிழமை அம்மாவே பொறுமையிழந்து, "ஏட்டி, குழம்புக்கு உப்புப் போட்டியா இல்லையா? பாடித்தான் சொல்லேன்!" என்று கத்தினாள். வேலம்மாள் பாடினாள். அம்மா சாமி படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, குழம்பை இறக்கினாள்.

டாக்டர் சொன்ன யோசனைப்படி, பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துச் சுருக்கினோம். முதலில் இரண்டு வரி, பிறகு ஒரு வரி, பிறகு இழுப்பில்லாமல் சொல்லிப் பார்ப்பது. 'வா', 'போ', 'வேண்டாம்' எல்லாம் ராகமில்லாமலே வந்தன. இது மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் ஆகும் வேலை. அவசரப்படுத்தினால் வந்த வார்த்தையும் ஓடிவிடும். களைத்துப்போனாலோ கோபம் வந்தாலோ அவள் மறுபடி ராகத்துக்கே போவாள். என்னைத் திட்டுவதும் ஒப்பாரியில்தான். உயிரோடு உட்கார்ந்து தன் ஒப்பாரியைத் தானே கேட்ட ஆள் இந்த வட்டாரத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஆனால் கோமதியைச் சாப்பிடக் கூப்பிடுவதை மட்டும் அவள் சுருக்கவே இல்லை. பேச்சு ஓரளவு திரும்பிய பிறகும் முழுசாகப் பாடித்தான் கூப்பிடுவாள். "பால் சோறு ஆறிப்போகுது, என்னப் பெத்தாளே, பக்கத்துல வாடியம்மா." பிள்ளை எங்கே விளையாடினாலும் அந்தக் குரலுக்கு ஓடிவரும்.

கோமதி பள்ளிக்கூடம் போகத் தொடங்காத வயது. எங்கள் தெருவிலேயே இருந்த என் கடை வாசலில் சைக்கிள் மணியைக் கழற்றி வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். அன்று காலையில்தான் எங்கள் தெருக்கோடியில் ஒரு சாவு. வெளியூர்ப் பெண்கள் வந்திறங்கி, ஒப்பாரி எழுந்தது. பிள்ளை மணியைப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"அம்மா சாப்பிடக் கூப்பிடுதா" என்று சொல்லிவிட்டு ஓடினாள். எங்கள் வீட்டுக்கு இல்லை, துட்டி வீட்டுக்கு. நான் பின்னாலேயே ஓடினேன்.

உள்ளே பெண்கள் தலைவிரிகோலமாக, ஒருவர் கழுத்தை ஒருவர் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் என் மகள் நின்றாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அத்தனை அழுகைக்கு நடுவிலும் அவள் முகத்தில் சிரிப்பு மாறவில்லை. இறந்தவரின் மனைவி பாட்டை நிறுத்தாமலே கையை நீட்டிப் பிள்ளையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கோமதி, சாய்ந்து உட்கார்ந்து, வாயைத் திறந்து காத்திருந்தாள்.

நான் அதட்டவில்லை. எந்த ராகம் சாவுக்கென்று ஒதுக்கப்பட்டது என்பதெல்லாம் அவளுக்கு யார் சொன்னது? பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தேன். பின்னால் ஒப்பாரி ஏறிக்கொண்டே போனது. மத்தியானச் சாப்பாட்டுக்கு இன்னும் வெகுநேரம் கிடந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கும் பசித்தது.