நோகாத கையும் அழுகிற கண்ணும்

அப்போதிக்கரி என்கிற அரசாங்க உதவி வைத்தியர் உத்தியோகத்தில், நோகுது என்று வருகிறவரைக் கண்டு பயமில்லை. நோகவில்லை என்று வருகிறவரைக் கண்டால்தான் பயம்.

நீங்களும் எங்கேயாவது ஒரு மூலைக்கு மாற்றம் கிடைத்துப் போனவராக இருந்தால், நான் சொல்லப்போவது விளங்கும். யாழ்ப்பாணத்தில் மருந்து கலக்கிக்கொண்டிருந்த என்னைத் தீவுப்பகுதிக்கு அனுப்பினார்கள். ஊர்காவற்றுறையில் இருப்பு, கிழமைக்குக் கிழமை வள்ளமேறி நெடுந்தீவு, நயினாதீவு, எழுவைதீவு. சோளகம் என்கிற தென்மேற்குக் காற்றில் வள்ளம் ஆடுகிற ஆட்டத்தில் மருந்துப் போத்தலும் நானும் ஒன்றாகத்தான் கலங்குவோம். காய்ச்சல், வயிற்றோட்டம், சிரங்கு இவைகளுக்குத்தான் என்னைப் பழக்கியிருந்தார்கள். நரம்பு என்ற ஒன்று மனிதரை என்ன பாடு படுத்தும் என்பதை இந்தத் தீவுகளில்தான் கண்டேன்.

சுருவிலில் ஒரு சமையல்காரி

சுருவிலில் ஒரு கலியாண வீட்டுக்குப் போயிருந்தேன். குசினிப் பக்கம் நாலைந்து பேர் கூடி நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாகம்மா என்ற சமையல்காரி கொதிக்கிற சோற்றுப் பானையை வெறுங்கையால் அடுப்பிலிருந்து இறக்குகிறாள். துணியும் இல்லை, கிடுகுத் துண்டும் இல்லை. முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லை. "அவவுக்கு அம்மாளாச்சியின்ரை அருள்" என்று பக்கத்தில் நின்றவர் பயபக்தியோடு எனக்குச் சொன்னார். எனக்கு அருள் தெரியவில்லை. தோல் கருகிய மணம்தான் வந்தது.

கொப்புளம் கட்டியிருக்கிறது, மருந்து போடவேண்டும் என்று சொல்லி அவளை மறுநாள் வரச்சொன்னேன். கண்ணை மூடச் சொல்லிவிட்டுக் கோழி இறகால் கையைத் தடவினேன். தோளில் தடவியபோது "ஓம்" என்றாள். முன்கையில் "ஓம்" என்றாள். சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் வந்தபோது, நான் எப்போது தடவப்போகிறேன் என்று காத்துக்கொண்டிருந்தாள். அந்த இரண்டு விரலும் கொஞ்சம் வளைந்திருந்தன. முழங்கைக்குப் பின்னால் எலும்பின் ஓரத்தைத் தடவிப் பார்த்தேன். அங்கே இருக்கிற நரம்பு உங்களுக்கும் எனக்கும் ஒரு நூல் மாதிரி. அவளுக்கு அது வள்ளம் கட்டுகிற கயிறு மாதிரித் தடித்துக் கிடந்தது. குட்டநோய் முதலில் போய் இருக்கிற இடம் அந்த நரம்புதான்.

சொல்லத்தான் வேண்டும். சொன்னால் அவளுக்குச் சமையலும் இல்லை, ஊரும் இல்லை. நோயாளரைத் தனியே வைக்கிற இடத்துக்கு அனுப்பவேண்டும். அரைமணி நேரம் சுற்றிவளைத்துப் பேசினேன். நீரடிமுத்து எண்ணெய் ஊசி இருக்கிறது, வெள்ளனவே பிடித்திருக்கிறோம், திரும்பி வந்தவர்களும் இருக்கிறார்கள் என்றெல்லாம் சொன்னேன். அவள் அழவில்லை. கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்:

"சூடு தெரியாட்டிப் போகட்டும் ஐயா. பிள்ளையின்ரை தலையைத் தடவேக்கை மயிர் கையிலை படுகுதில்லை. ரெண்டு வரியமா அதை ஒருத்தருக்கும் சொல்லாமல் பயந்துகொண்டு இருந்தனான்."

தண்டையலின் கை

முருகேசு ஒரு பாய்க்கப்பலுக்குத் தண்டையல். கப்பலை ஓட்டுகிறவர், அதில் அவர் வைத்ததுதான் சட்டம். ஒருநாள் காற்றடிக்கக் கப்பலைத் துறையில் கட்டும்போது வடக்கயிற்றைப் பிடித்திருந்த வலது கை, கப்பலுக்கும் இறங்குதுறைக் கல்லுக்கும் நடுவே அகப்பட்டுவிட்டது. யாழ்ப்பாணத்தில் முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். எடுத்த கையை வீட்டார் துணியில் சுற்றி வந்து, கடற்கரையில் தாழம்பற்றைக்குக் கிட்டப் புதைத்தார்கள்.

இரண்டு மாதம் கழித்து என்னிடம் வந்தார். காயம் நன்றாக ஆறியிருந்தது. ஆனால் மனிதர் நித்திரை இல்லாமல் கண் உள்ளே போய்க் கிடந்தார். "கை பொத்தினபடி நிக்குது. நகம் உள்ளங்கையிலை குத்துது. விரிக்க ஏலாது" என்றார். எந்தக் கை என்று கேட்டேன். வெறும் காற்றைக் காட்டினார். அவருடைய பெண்சாதி, மண்ணுக்குள் விரல் மடங்கிக் கிடக்கிறபடியால்தான் இப்படி என்று நினைத்து, தனியே போய்த் தோண்டி, எலும்புகளைக் கழுவி, விரல்களை ஒவ்வொன்றாக நேராக்கித் திரும்பப் புதைத்திருக்கிறாள். அதை அவள் எனக்குச் சொன்னபோது அவளுடைய குரலில் நடுக்கமில்லை. ஆனாலும் அவருக்குச் சுகம் வரவில்லை.

மிஞ்சிய கையின் நுனியைத் தடவிப் பார்த்தேன். தோலுக்குக் கீழே பயறளவில் இரண்டு கட்டி. வெட்டுப்பட்ட நரம்பு வளரப் பார்த்து, போக இடமில்லாமல் சுருண்டு முடிச்சாகிவிடும். ஒன்றை மெல்ல அமத்தினேன். "சின்னவிரல்" என்றார். மற்றதை அமத்தினேன். "பெருவிரல். நகத்தடி" என்றார். இல்லாத கையின் விரல்களை அவர் பெயர் சொல்லச் சொல்ல, நான் கதிரையைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

சுடுநீர் ஒற்றடம் கொடுத்து, அந்த முடிச்சுகளைத் தினமும் மெல்லத் தட்டச் சொன்னேன். மாதங்கள் போகப் போக நோ குறைந்தது. இல்லாத கை இருப்பதாக அவர் உணர்கிற இடமும் மாறியது. முதலில் மணிக்கட்டு காணாமற்போனது. பிறகு கை மேலே ஏறி வந்தது. பிறகு குழந்தைப்பிள்ளையின் கையளவாகி, மிஞ்சிய கையின் நுனியில் ஒட்டிக்கொண்டது. ஒரு வருஷம் கழித்து இறங்குதுறையில் கண்டபோது எப்படி என்று கேட்டேன்.

"உள்ளுக்குப் போயிட்டுது ஐயா. போகேக்கை கயிறை விட்டிட்டுத்தான் போனது."

எழுவைதீவில் வெயில் ஏற முந்தி

ஒரு நாள் காலை எழுவைதீவிலிருந்து வள்ளம் வந்தது. மூன்று பேர் பேத்தை மீன் சாப்பிட்டுவிட்டார்கள். பேத்தையில் நஞ்சு இருக்கும் என்று அந்தக் கரையில் தெரியாதவர் இல்லை. ஈரலை எடுத்துவிட்டால் போதும் என்று அவர்களில் ஒருவர், வேலுப்பிள்ளை, நினைத்திருக்கிறார். நான் போய் இறங்கும்போது மற்ற இருவரும் சத்தியெடுத்துக்கொண்டு, உதடு விறைக்குது, விரல் விறைக்குது என்றார்கள். வேலுப்பிள்ளையை ஓர் இளம்பனை வடலிக்குக் கீழே பாயில் கிடத்தி, கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். ஆண்கள் சுடலைக்கு எந்த வழியாகக் கொண்டுபோவது என்று கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

அவருடைய தங்கச்சி மட்டும் என் கையைப் பிடித்து, "தொட்டுப் பாருங்கோ ஐயா, அண்ணை குளிரேல்லை" என்று நின்றாள். அவளுக்காகத்தான் முழங்காலில் இருந்தேன். ஊசியால் குத்தினேன்; அசைவில்லை. இமையைத் தூக்கினேன், பார்வை ஓரிடத்தில் நின்றது. குழாயை நெஞ்சில் வைத்துக் கேட்டபோது, தூரத்தில் யாரோ நடப்பது போல ஒரு சத்தம். கண்ணாடியை மூக்கடியில் பிடித்தேன். நகத்தளவு மூச்சின் ஆவி படர்ந்து மறைந்தது.

அந்த நஞ்சு நரம்புகளின் வாயை அடைத்துவிடும். உள்ளே இருக்கிறவருக்கு ஒன்றும் ஆகாது, வெளியே வர வழிதான் இல்லை. குப்புறக் கிடத்தி விலாவில் அமத்தி அமத்தி மூச்சுக் கொடுத்தோம். என் கை சோர, மற்றவர்கள் மாறி மாறிச் செய்தார்கள். சுடலைக்கு வழி பேசியவர்களும் வந்து முறை எடுத்தார்கள். வெயில் சாய்கிற நேரம் ஒரு விரல் அசைந்தது. அடுத்த நாள் காலை அவர் தண்ணீர் கேட்டார். எல்லாம் கேட்டதா என்று விசாரித்தேன். ஓம் என்றார். வடலியைப் பார்த்தபடி சொன்னார்:

"வெயில் ஏற முந்தி எடுப்பம் எண்டது என்ரை மச்சான். குரல் எனக்குத் தெரியும். பாவம், அவனுக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது."

புளியங்கூடலில் வீடு மாறியவர்கள்

தம்பு என்று ஒருவர், புளியங்கூடலில் பனை ஏறுகிறவர். பாளைக்கத்தி வழுக்கி முன்கையை ஆழமாக வெட்டிவிட்டது. யாழ்ப்பாணத்தில் நரம்பைச் சேர்த்துத் தைத்து அனுப்பினார்கள். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றும் உணர்வில்லாமல் செத்துப்போயிருந்தன. மாதம் ஒருமுறை வருவார். நான் தையலிலிருந்து விரல்நுனியால் தட்டிக்கொண்டு கீழே போவேன். ஓரிடத்தில் "இப்ப எறும்பு ஓடுது" என்பார். அங்கே மையால் ஒரு கோடு. அடுத்த மாதம் எறும்பு ஒரு பெருவிரல் அகலம் கீழே போயிருக்கும். தோலுக்குள்ளே ஏதோ ஒன்று நடந்து வருகிறதை நாங்கள் இருவரும் ஒரு வருஷத்துக்கு மேல் காவல் இருந்து பார்த்தோம்.

கடைசியில் அது விரல்நுனிக்கு வந்து சேர்ந்தது. கண்ணை மூடச் சொல்லிச் சுட்டுவிரலைத் தொட்டேன். நடுவிரல் என்றார். நடுவிரலைத் தொட்டேன். பெருவிரல் என்றார். பின்னாளில் அவர் பனையும் ஏறினார், ஆனால் தொட்டது எந்த விரல் என்று தெரியாததால் கையைப் பார்த்துப் பார்த்துத்தான். அன்றைக்குக் கண்ணைத் திறந்து தன் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

"வந்திருக்கிறவை பழைய ஆக்கள்தான் ஐயா. ஆனால் ஆளாள் வீடு மாறி இருக்கினம்."

நெடுந்தீவில் இடது கண்

நெடுந்தீவில் சூசை என்ற மாட்டுக்காரர், முதல் பெண்சாதி மரியம்மா காய்ச்சலில் போன பிறகு, திரேசம்மா என்ற பெண்ணைக் கலியாணம் செய்தார். சில மாதத்தில் திரேசம்மாவுக்கு ஒரு காலை எழும்பும்போது முகத்தின் இடது பக்கம் விழுந்துவிட்டது. வாய் கோணி, இடது கண் மூடாமல் கிடந்தது. ஆறேழு மாதத்தில் முகம் மெல்ல மெல்லத் திரும்பியது. அதோடு முடிந்தது என்று நினைத்தார்கள்.

அதற்குப் பிறகுதான் தொடங்கியது. அவள் சாப்பிட உட்கார்ந்தால் இடது கண்ணால் கண்ணீர் ஓடும். வலது கண் காய்ந்திருக்கும். முகத்தில் துக்கமில்லை, விம்மல் இல்லை. சோற்றை மெல்ல மெல்ல ஒரு கண் மட்டும் அழும். அது மரியம்மா சமைத்த குசினி, மரியம்மா சாப்பிட்ட கோப்பை. மாமியார் ஒருநாள் பார்த்தார், இரண்டாம் நாள் பார்த்தார், மூன்றாம் நாள் அயலவரைக் கூப்பிட்டார். அழுகிறது மரியம்மாதான் என்று முடிவாயிற்று. சூசையைத் தவிர அவளோடு இருந்து சாப்பிட ஆளில்லை. பயத்தில் அவளும் ஒரு நேரம்தான் சாப்பிட்டாள். தாய்வீட்டுக்கு அனுப்ப நாள் பார்த்துவிட்டு, கடைசியாக ஒருமுறை என்னிடம் கூட்டிவந்தார்கள்.

ஆள் வற்றிப்போயிருந்தாள். நான் மருந்துச்சாலை விறாந்தையில் எல்லாருக்கும் முன்னால் ஒரு துண்டு பழப்புளியை அவள் கையில் கொடுத்தேன். வாயில் வைத்தாள். இடது கண் நிறைந்து வழிந்தது. மாமியார் சிலுவை போட்டார். துப்பச் சொன்னேன், கண் நின்றது. திரும்ப வைக்கச் சொன்னேன், திரும்ப வழிந்தது. "இது மரியம்மாவின் குசினி இல்லை. அரசாங்கத்து விறாந்தை" என்றேன். முகத்து நரம்பு பழுதாகித் திரும்ப வளரும்போது, வாயில் எச்சில் ஊறச்செய்கிற இழைகளில் சில வழிதவறிக் கண்ணீர் இருக்கிற இடத்துக்குப் போய்விட்டன. வாய் ஊறுகிற போதெல்லாம் கண்ணும் ஊறுகிறது. இதில் துக்கமும் இல்லை, ஆளும் இல்லை என்று விளங்கப்படுத்தினேன்.

மாமியாருக்கு முழுதும் நம்பிக்கை வரவில்லை. ஆனால் தாய்வீட்டுக் கதையை அதற்குப் பிறகு எடுக்கவில்லை. திரேசம்மா மிச்சப் புளியையும் தின்று முடித்தாள். கண் வழிந்தபடி சிரித்தாள். நான் அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தபடியால் சூசையைக் கவனிக்கவில்லை. எல்லாரும் படியிறங்கிய பிறகு அவர் மட்டும் சால்வையைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார். இத்தனை மாதமும் அவர் திரேசம்மாவின் வலது பக்கத்தில் உட்காரவே இல்லையாம். எப்போதும் அந்தக் கண் அழுகிற இடது பக்கம்தான் என்று அவரே சொன்னார். மெதுவாகக் கேட்டார்:

"அப்ப மரியம்மா ஒருநாளும் வரேல்லையோ ஐயா?"

தீவுப்பகுதியில் நான் பார்த்த உத்தியோகத்தில் ஒரு பேயையும் காணவில்லை என்று சத்தியம் செய்வேன். ஆனால் பேய் இல்லை என்று ஒரு வீட்டாருக்கு விளங்கப்படுத்திவிட்டு வள்ளமேறிய எந்த நாளிலும், கரையில் நிற்கிறவர்களின் முகத்தைத் திரும்பிப் பார்க்க எனக்குத் துணிவு வந்ததில்லை.