அறுபது சுற்று அதிகம்

சூடான வார்னிஷ் வாடை சட்டையில் ஏறினால் இரண்டு துவைப்புக்கும் போகாது...

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருடங்கள். சிம்மக்கல்லில் மோட்டாருக்கும் டிரான்ஸ்பார்மருக்கும் செம்புக் கம்பி சுற்றி வார்னிஷில் முக்கும் பட்டறை. கல்லூரியில் பௌதிகம் படித்துவிட்டு அங்கே கணக்குப் போட உட்கார்ந்தேன். வேறு யார் கூப்பிட்டார்கள்?

ஒருநாள் சினிமாக் கொட்டகையிலிருந்து ஒலிபெருக்கியின் டிரான்ஸ்பார்மர் வந்தது. உள்சுற்று நன்றாக இருந்தது, வெளிச்சுற்று கருகிவிட்டது. அதற்கு வோல்ட்டுக்கு நாலு சுற்று. வெளியே முந்நூறு வோல்ட் வேண்டும். ஆக, ஆயிரத்து இருநூறு சுற்று. ஓடுகிற கரண்டைப் பார்த்துக் கம்பியின் கனத்தையும் எழுதிக் கொடுத்தேன்.

சுற்றியவர் சமயநல்லூர் விருமாண்டி. களத்தில் நெல் அளந்து பழகிய கை. இருபது சுற்றுக்கு ஒரு புளியங்கொட்டை எடுத்து வைப்பார். அறுபது கொட்டை சேர்ந்ததும் நிறுத்தினார்.

மீட்டரை வைத்தோம். முந்நூற்றுப் பதினைந்து!

"வோல்ட் கூடி ஒலிபெருக்கி வால்வு புகைஞ்சா சீமையிலருந்து வேற வருமாய்யா? இம்புட்டுப் படிச்சு என்னத்தக் கணக்குப் போட்ட? சாயங்கால ஆட்டத்துக்குள்ள சரியாகலைன்னா நாளையிலருந்து வராத."

முதலாளி இதைக் கொட்டகைக்காரர் முன்னாலேயே சொன்னார். நான் நாலு தடவை கணக்கைத் திருப்பிப் போட்டேன். தப்பே இல்லை. யார் நம்புவது?

மெக்கானிக் இபுராகிம் அண்ணன் நம்பினார். என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவர். ஐந்தாவதோடு பள்ளியை விட்டவர். என் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். உள்ளே போகும் வோல்ட்டை அளந்தார். அது சரியாக இருந்தது. கரித்துண்டால் தரையில் எழுதினார். பதினைந்து வோல்ட், வோல்ட்டுக்கு நாலு... அறுபது சுற்று அதிகம்.

கொட்டையும் அறுபது!

"கொட்டைக்கு ஒண்ணு கூடியிருக்கு. மாப்ள விருமாண்டி, இருபது எண்ணு, கேப்போம்."

"லாபம்... ஒண்ணு... ரெண்டு..."

"நிறுத்து, நிறுத்து. லாபம்னாலே ஒண்ணுதானப்பா?"

நெல் அளப்பவர்கள் ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்றுதான் தொடங்குவார்கள். அடுத்தது இரண்டு.

"அதெப்படிண்ணே? எங்க களத்துல மொத மரக்கா சாமிக்கு. அது கணக்குல சேராது."

"டிரான்ஸ்பார்மர்லயும் சாமிக்குப் பங்கு வச்சிட்டியே மாப்ள!"

பட்டறையே சிரித்தது. விருமாண்டிதான் அதிகமாகச் சிரித்தார்.

மேலேயிருந்து அறுபது சுற்றைப் பிரித்தார்கள். முந்நூறு வோல்ட்... முள் அசையாமல் நின்றது.

இபுராகிம் அண்ணன் அதோடு விடவில்லை. லோடு கொடுத்து, உள்ளே போகும் வாட்டையும் வெளியே வரும் வாட்டையும் அளந்தார். "நூத்துக்குத் தொண்ணூறு வெளிய வருது. மிச்சம் சூடாப் போகுது, அம்புட்டுத்தான். தம்பி போட்ட கணக்கு சுத்தம்" என்று முதலாளி காதில் விழும்படி உரக்கச் சொன்னார்.

"சரி சரி, வண்டியில ஏத்துங்க" என்றார் முதலாளி. வருத்தமாக ஒரு வார்த்தை? கிடையாது. இருபது வருடமாகியும் அவரை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் உத்தேசமும் இல்லை.

ஆனால் இபுராகிம் அண்ணன்... சூத்திரம் படித்தவன் நான். அதை முழுசாக நம்பியவர் அவர்.

இப்போது ஒரு பெரிய ஆலையில், மின்விசிறிக்குக் கீழே மேஜை. போன மாதம் இங்கே ஒரு டிரான்ஸ்பார்மர் எரிந்தது. யார் போட்ட கணக்கு என்று கேட்டு எனக்குக் கடிதம் வந்தது. மூன்று பக்கம் விளக்கம் எழுதினேன். எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்து, எனக்கு மேலே உட்கார்ந்திருப்பவர் அதைப் படிக்காமலே கோப்பில் வைத்தார்.

எரிந்தது கிடங்கில் கிடக்கிறது. இன்னும் ஒருவரும் அதைத் திறந்து பார்க்கவில்லை.