கூண்டில் ஏறாத சாட்சி

பிடிபட்ட ஒரு திருடனிடம் கைப்பற்றிய நகைகளை மேசையில் பரப்பி வைத்துவிட்டு, சப் இன்ஸ்பெக்டர் ஹரிஹரன் ஒன்றை மட்டும் விரலால் ஓரமாகத் தள்ளினார். அந்தத் தள்ளலில்தான் வைஜெயந்திக்குச் சந்தேகம் வந்தது. இருபது வருடமாக அரசு வழக்கறிஞராக இருப்பவளுக்கு, போலீஸ்காரர்கள் எதைக் காட்டுகிறார்கள் என்பதைவிட எதை ஒதுக்குகிறார்கள் என்பது முக்கியம் என்று தெரியும்.

அது ஒரு தாலி. சங்கிலி இல்லை. நடுவில் புள்ளிக் கோடு போட்ட இரண்டு தங்கப் பொட்டுகள். ஒரு பொட்டின் வளையம் எப்போதோ உடைந்து, யாரோ ஈயம் வைத்துப் பற்றவைத்திருந்தார்கள். மஞ்சள் தங்கத்தில் அந்தச் சாம்பல் நிறப் பொருக்கு அசிங்கமாகத் துருத்திக்கொண்டிருந்தது.

"இது எங்கே பறிச்சதாம்?"

ஹரிஹரன் கதவைப் பார்த்தார். "சௌல்தாரி கிராமத்தில ஒரு அம்மாகிட்டன்னு சொல்றான் மேடம். கீழ விழுந்து இடுப்பு உடைஞ்சுதாம். சங்கிலிய வித்துட்டான், தாலிய வாங்க ஜங்லிகாட் நகைக்கடைல எவனும் துணியலயாம். ஆனா அந்த கேஸ் கதம் ஆயிடுச்சே. ஒருத்தன் உள்ள இருக்கான். இத உரிமை கோராத பொருள்னு போட்டுடலாம்."

மனிதர் கெட்டவர் இல்லை. முடிந்த வழக்கைக் கிளறினால் எத்தனை பேருடைய தூக்கம் கெடும் என்று கணக்குப் போட்டார், அவ்வளவுதான். அந்த 'ஒருத்தனை' உள்ளே அனுப்பியது வைஜெயந்திதான்.

அவளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அப்பா கோவிந்தராஜ் தூத்துக்குடியிலிருந்து அந்தமான் துறைமுக அலுவலகத்துக்குக் குமாஸ்தாவாகக் கப்பலேறி வந்தவர். போர்ட் பிளேர் டாலிகஞ்சில் வீடு. பள்ளியில் ஹிந்தி, கோர்ட்டில் ஆங்கிலம், அம்மா அன்னம்மாளோடு மட்டும் தமிழ். மதுரையில் சட்டம் படித்த காலத்தில் மெயின்லேண்ட் தமிழர்கள் அவளை ஹிந்திக்காரி என்று கேலி செய்தார்கள். போர்ட் பிளேரிலோ வேறு மாதிரி. கோர்ட்டில் தமிழர் சம்பந்தப்பட்ட எதுவானாலும் எல்லோரும் அவள் முகத்தைப் பார்ப்பார்கள். அது அவளுக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சந்திரமோகன் வழக்கிலும் அப்படித்தான் பார்த்தார்கள். அவன் நிக்கோபாரில் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துப் பிள்ளை. இலங்கை மலைத்தோட்டங்களிலிருந்து திரும்பி வந்து, அந்தத் தீவில் குடியேற்றப்பட்ட குடும்பம். சுனாமிக்குப் பிறகு சௌல்தாரிக்கு வந்து கூலி வேலை பார்த்தான். அவனைப் போலவே கச்சாலிலிருந்து வந்த அங்கம்மாவின் பாக்குத் தோட்டத்தில் அந்த வாரம் வேலை செய்தவன் அவன்தான். விடிகாலையில் யாரோ அங்கம்மாவின் தாலியைப் பறித்துக்கொண்டு அவளைத் தள்ளிவிட்டு ஓடினான். இருட்டில் முகம் தெரியவில்லை. போலீஸ் சந்திரமோகன் வீட்டைச் சோதனை போட்டபோது அரிசி டின்னுக்குள் ஒரு தாலி அகப்பட்டது. செத்துப்போன தன் மனைவி ராஜகுமாரியுடையது, மகளுக்காக வைத்திருக்கிறேன் என்றான். அங்கம்மா அதைப் பார்த்ததும் தன்னுடையது என்று அழுதாள்.

நீதிபதி கொல்கத்தாக்காரர். அவருக்கு அது போதவில்லை. ஒரே மாதிரி இரண்டு தாலி இருக்க முடியாதா என்று கேட்டார். வைஜெயந்தி எழுந்து, அழகான ஆங்கிலத்தில், நாங்கள் தமிழர்கள், எங்கள் பெண்கள் எதை மறந்தாலும் தன் கழுத்துத் தாலியை மறக்க மாட்டார்கள் என்றாள். நீதிபதி பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார். தீர்ப்பிலும் அந்த வாக்கியம் வந்தது. ஏழு வருடம். கையெழுத்து வாங்கிக்கொண்டு தாலியை அங்கம்மாவிடம் கொடுத்தார்கள். வைஜெயந்திக்கு அலுவலகத்தில் டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

இப்போது ஹரிஹரன் போன பிறகு அவள் தன் தாலியையே நினைத்துப் பார்த்தாள். அது வங்கி லாக்கரில் இருக்கிறது; கழுத்தில் கிடப்பது மெல்லிய சங்கிலி. பூ வேலைப்பாடா, கொடியா, எத்தனை குண்டு? ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

மேலதிகாரி சிவபிரகாஷ் பொறுமையாகக் கேட்டார். சந்திரமோகனின் மேல்முறையீடு ஹைகோர்ட் பெஞ்சில் கிடக்கிறது, அவனுக்கென்று வக்கீல் இருக்கிறார், திறமை இருந்தால் அவர் கண்டுபிடிக்கட்டும் என்றார். திருடன் போலீஸிடம் உளறியதெல்லாம் சாட்சியம் ஆகாது என்பதையும் நினைவூட்டினார்.

"அவன் வக்கீலுக்கு இது எப்படி சார் தெரியும்? நமக்கு மட்டும்தானே தெரியும்."

"ஜெயிச்ச கேஸை நாமளே போய்த் தோற்கணுமா?"

"இது ஜெயிச்ச கேஸ் இல்லை சார். ஆளை மாத்திப் பிடிச்ச கேஸ்."

அவர் கண்ணாடியைத் துடைத்தார். அங்கம்மா மாற்றிச் சொன்னால் மேலே அனுப்புகிறேன், கழுத்தில் இருப்பதுதான் என்னுடையது என்று சாதித்தால் இதோடு விட்டுவிடு என்றார். வைஜெயந்தி தலையாட்டிவிட்டு வந்தாள். ஒரு மனிதனின் மிச்ச வருடங்கள் அந்தம்மாவின் வாயில் தொங்கின.

சௌல்தாரிக்கு ஸ்கூட்டரில் போகும்போது மழை பிடித்துக்கொண்டது. தாலியை எடுத்துப்போக முடியாது, மாஜிஸ்திரேட் முன்னால்தான் காட்ட வேண்டும். எது கிடைத்தது என்று வாயைவிடவும் கூடாது. சொன்னால், சொல்லிக்கொடுத்த சாட்சி ஆகிவிடும். கேள்வி மட்டும் கேட்கலாம்.

அங்கம்மா தாழ்வாரத்தில் காலை நீட்டி உட்கார்ந்து பாக்கு உரித்துக்கொண்டிருந்தாள். இடுப்பு இன்னும் சரியாகவில்லை. மேடத்தைப் பார்த்ததும் எழப் பார்த்தாள். கணவன் முருகையா நாற்காலி போட்டான். தாலி புடவைக்குள் இருந்தது. வைஜெயந்தியின் கண் அங்கேயே போயிற்று. அங்கம்மாவின் கையும் அங்கேயே போயிற்று.

நலம் விசாரித்தாள், பாக்கு விலை கேட்டாள். பிறகு, பறிபோன தாலியில் அடையாளம் ஏதாவது உண்டா என்று கேட்டாள்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க மேடம்," என்றான் முருகையா. கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது.

அங்கம்மா பாக்கை உரித்துக்கொண்டே இருந்தாள். கூரைத் தகரத்தில் மழை அடித்தது. கேட்டாகிவிட்டது. இல்லை என்று பதிலும் வந்துவிட்டது. இப்போது எழுந்து போனால் யாரும் குறை சொல்ல முடியாது. சிவபிரகாஷ் சார் கூடச் சந்தோஷப்படுவார். அவளும் ஆசைப்பட்டாள், பொய் சொல்வானேன். ஆனால் எழுந்திருக்கவில்லை.

"நான் அம்மாவைத்தான் கேட்டேன்," என்றாள்.

"ஏ புள்ள, பேசாம இரு," என்றான் முருகையா.

அங்கம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கணவனைக் காட்டினாள். "இவுங்க பத்த வச்சதுதாங்க. கச்சால்ல இருக்கறப்போ வளையம் ஒடஞ்சிபோச்சி. போர்ட் பிளேர் வர கப்பல் இல்ல. ரேடியோ ரிப்பேர் பண்ற ஈயத்த உருக்கி இவுங்களே பத்த வச்சாங்க. அசிங்கமாத்தான் இருக்கும். கழுத்துல கெடக்குற இதுல அது இல்ல."

வைஜெயந்தி நாற்காலியை முன்னால் இழுத்தாள். "எப்ப தெரியும்?"

"கோர்ட்டுல குடுத்தாங்கல்ல, அன்னைக்கே. மஞ்சத் தேச்சிக் கழுவறப்போ பார்த்தேன். ஸ்டேசன்ல பார்த்தப்போ மெய்யாலுமே என்னுதுன்னுதான் நெனச்சேங்க. கச்சால்ல எங்க ஆளுங்க எல்லாருக்கும் ஒரே மாதிரித்தான். ஜங்லிகாட் ஆசாரி ஒரே அச்சுலதான் அடிச்சிக் குடுப்பாரு."

தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். தமிழர்களைப் பற்றி நீதிபதிக்குப் பாடம் எடுத்தவளுக்குத் தெரியவில்லை. அவள் கேட்கவுமில்லை.

"அன்னைக்கே வந்து சொல்லியிருக்கலாமே அம்மா."

அங்கம்மா முதன்முறையாக அவளை நேராகப் பார்த்தாள். "நீங்கதான சொன்னீங்க, பொம்பளைக்குத் தன் தாலி தப்பாதுன்னு. ஜட்ஜய்யாவே எழுதிக்கிட்டாருன்னு எல்லாரும் சொன்னாங்க. அதுக்கப்புறம் நான் போயி தப்பிடிச்சின்னு சொன்னா, நான் என்ன பொம்பள? செத்தவ தாலி கழுத்துல கெடக்குதுன்னு தெரிஞ்சே கெடக்கறேன். தூங்க ஏலாதுங்க."

முருகையா தலையில் கை வைத்துக்கொண்டான். பொய்ச் சாட்சி என்று இவளை உள்ளே போட்டால் யார் பொறுப்பு என்று கேட்டான். நியாயமான கேள்விதான். எதுவும் ஆகாது என்று வாக்குக் கொடுக்க வைஜெயந்தியால் முடியவில்லை. தெரியாமல் சொன்னது பொய்ச் சாட்சி ஆகாது, பிறகு மறைத்ததற்கு நீதிபதி கோபப்படலாம் என்று உள்ளதைச் சொன்னாள். தப்பு தன்னிடமிருந்து ஆரம்பித்தது, அதை முதலில் தானே எழுந்து சொல்லப்போவதாகவும் சொன்னாள்.

அங்கம்மா கேட்டுக்கொண்டாள். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

மாஜிஸ்திரேட் முன்னால் அடையாளம் காட்ட வேண்டிய நாளில், அவள் வருவாளா என்று வைஜெயந்தி வாசலிலேயே நின்றாள். ஹரிஹரன் வாட்சைப் பார்த்தபடி இருந்தார். கடைசியில் ஓர் ஆட்டோ வந்தது. முருகையாவே மனைவியைக் கைத்தாங்கலாக இறக்கினான். அவள் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் இருந்தது. ராஜகுமாரியின் தாலியைக் கைக்குட்டையில் முடிந்து கையில் பிடித்திருந்தாள். உள்ளே ஒரே அச்சில் அடித்த தாலிகள் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. ஈயம் வைத்த தாலியை அவள் உடனே தொட்டாள்.

ஹைகோர்ட் பெஞ்சில் அரசுக்காக வாதாடியது வேறு வக்கீல். ஆனால் சிவபிரகாஷ் சொன்ன சொல் தவறாமல் மேலே அனுப்பியிருந்த வைஜெயந்தியின் பிரமாணப் பத்திரத்தைப் படித்துவிட்டு, நீதிபதிகள் அவளையே எழச் சொன்னார்கள். இந்தத் தண்டனையை அரசுத் தரப்பு ஆதரிக்கிறதா என்று கேட்டார்கள். ஆதரிக்கவில்லை என்றாள். விசாரணை நீதிமன்றத்தில் தாலியைப் பற்றித் தான் சொன்னது சட்டமும் இல்லை, சாட்சியமும் இல்லை, தெரியாததைத் தெரிந்ததுபோல் சொன்னேன் என்றாள். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். மூத்த நீதிபதி கடுமையாக நாலு வார்த்தை சொன்னார். அவள் தலைகுனிந்து கேட்டுக்கொண்டாள். அங்கம்மாவை அவர் ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலத்துக்குள் விடுதலை உத்தரவு வந்துவிட்டது.

மறுநாள் ஜெயில் வாசலில் சந்திரமோகனின் அக்கா சித்ரா நின்றாள். அவன் மகள் உதயா பக்கத்தில். அவன் இளைத்து வெளியே வந்தான். மகள் இத்தனை உயரம் வளர்ந்திருப்பாள் என்று அவன் எதிர்பார்க்கவில்லை போலும், தொடத் தயங்கினான். அவர்கள் அழுது முடிக்கும்வரை வைஜெயந்தி தள்ளி நின்றாள். பிறகு கிட்டே போனாள். என்ன சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தும், வாயில் வந்தது இதுதான்: "என்னை மன்னிச்சிடுங்க சந்திரமோகன். நான்தான் தப்புப் பண்ணேன்."

அவன் அவளை உற்றுப் பார்த்தான். விசாரணை நடந்த மாதங்களில் கூண்டிலிருந்து தினமும் பார்த்த முகம்தான்.

"நீங்க தமிழா?" என்றான்.

அவள் தலையாட்டினாள்.

"ஹிந்தியும் இங்கிலீஷும்தான பேசுனீங்க. அங்க தமிழ் தெரிஞ்ச ஆளே இல்லன்னு நெனச்சி, தெரிஞ்ச ஹிந்தியில ரெண்டு வார்த்த சொல்லிட்டு நின்னுட்டேங்க. தெரிஞ்சிருந்தா கச்சால் தாலியெல்லாம் ஒரே அச்சுன்னு உங்ககிட்டயே சொல்லியிருப்பேன்."