எங்கள் கிணற்றில் கிருமி இல்லை

எதிர்வீட்டுக்குக் குழாய் வந்த நாளிலிருந்தே எனக்கு வயிற்றெரிச்சல். நாகர்கோவிலில் எங்கள் தெரு முழுக்க நகராட்சி இணைப்பு கொடுத்தபோது, பட்டா இல்லை என்று எங்கள் வீட்டை மட்டும் தாண்டிப் போய்விட்டார்கள். நாங்கள் கிணற்றோடு கிடந்தோம்.

எதிர்வீட்டுப் பையன் என் வகுப்புதான். வாசல் குழாயைத் திறந்து மூடிக்கொண்டே, "ஏலே, நீங்க இன்னும் கயிறா வலிக்கிய?" என்பான். அவனுடைய அம்மா எங்கள் வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்து நான் பார்த்ததே இல்லை.

அந்த மழைக்காலத்தில் அவனுக்கு வாந்தியும் பேதியும் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். காலரா என்று தெருவே பேசியது. திரும்பி வந்தவனுக்கு இளநீர் என்ன, ஆப்பிள் என்ன, கையில் பிளாஸ்திரி என்ன! டீச்சர் அவனை முதல் பெஞ்சில் உட்கார வைத்தார். எனக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை.

பிறகு சுகாதார ஆய்வாளர் வந்து, அவர்கள் குழாய்த் தண்ணீரைக் குப்பியில் பிடித்து, வீட்டுப் பெயரை எழுதி ஒட்டினார். என்னால் தாங்க முடியவில்லை.

"சார், எங்க கெணத்துலயும் பூச்சி உண்டு சார்."

"வாய மூடுல" என்றாள் அம்மா. "சின்னப் பய சொல்லுகான் சார். நல்ல தண்ணியாக்கும்."

"பாத்துட்டாப் போச்சு" என்று அவர் சிரித்தபடி இன்னொரு குப்பியை எடுத்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கண்ணை இறுக மூடி ஜெபித்தேன்: அவன் வீட்டுப் பூச்சியைவிடப் பெரிய பூச்சி எங்கள் கிணற்றில் இருக்க வேண்டும்.

இல்லை. ஓடையோரம் குழாய் உடைந்து சாக்கடை கலந்திருந்ததாம். காலராக் கிருமி அவர்கள் குழாய்த் தண்ணீரில்தான் இருந்தது. எங்கள் கிணறு சுத்தம் என்று ஆய்வாளர் திரும்பி வந்து சொன்னபோது பின்பக்கம் போய் அழுதேன். இதிலும் அவனே ஜெயித்துவிட்டான்.

குழாயை நிறுத்தினார்கள். மறுநாள் காலையில் அவன் அம்மா குடத்தோடு எங்கள் கிணற்றடியில் வந்து நின்று, வேறெங்கோ பார்த்தபடி, "கொஞ்சம் தண்ணி எடுத்துக்கிடட்டா?" என்றார். பின்னாலேயே அவன். "மக்கா, நான் ஒருக்கா வலிக்கட்டா?" என்று என் கயிற்றுக்குக் கை நீட்டினான். நான் கொடுக்கவில்லை.

அம்மா என்னிடமிருந்து கயிற்றை வாங்கி, இறைத்து, அவர்கள் குடத்தை நிறைத்தாள். பிறகு ஒரு டம்ளரைக் கழுவி, தண்ணீர் நிறைத்து நீட்டினாள். அவர் சற்றுத் தயங்கினார். வாங்கி, முழுவதையும் குடித்துவிட்டுக் கொடுத்தார்.

அவர்கள் போன பிறகும் அம்மா அந்தக் காலி டம்ளரைப் பிடித்தபடி கிணற்றடியிலேயே நின்றாள். கண் நிறைந்திருந்தது. நான் அவள் முந்தானையை இழுத்து, "நமக்கு எப்பம்மா பைப்பு வரும்?" என்று நச்சரித்துக்கொண்டிருந்தேன்.