பூனைக்குப் பின்னால் தெரிந்த வானம்

போருக்கு முன்பு சொலோமியா கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மாமியார்கள் முகம் சுளித்த இடங்களை நீக்குவதே அதில் பாதி வேலை. போர் வந்தபின் கார்கிவ் நகரத்தில் கல்யாணம் என்றால் கையெழுத்தோடு சரி. வீடியோவுக்கு யாரும் கூப்பிடவில்லை. அதனால் ஒரு சிறு குழுவில் சேர்ந்தாள். குண்டு விழுந்ததாக இணையத்தில் வரும் வீடியோக்கள் எங்கே, எப்போது எடுத்தவை என்று சரிபார்த்து, போர்க்குற்ற வழக்குக்காகச் சேர்த்துவைப்பது அந்தக் குழுவின் வேலை.

எதிர்வீட்டு ரயிசா பெத்ரிவ்னாவின் தங்கை நீனா தெருமுனை மருந்துக்கடையில் நின்றிருந்தபோது ஏவுகணை விழுந்து செத்துப்போனாள். அது உக்ரைனின் சொந்த ஏவுகணைதான், தவறி விழுந்தது என்று ரஷ்யத் தொலைக்காட்சி சொன்னது. மறுநாளே அந்த ஏவுகணை விழும் காட்சி என்று ஒரு வீடியோ ஊரெங்கும் சுற்றியது. ரயிசா அதைக் கொண்டுவந்து நீட்டினாள்.

“இந்தா, ஆதாரம். போட்டுடு.”

சொலோமியா இரண்டு முறை ஓடவிட்டுப் பார்த்தாள். “இது நம்ம தெரு இல்லைங்க. காரெல்லாம் இடதுபக்கமா போகுது பாருங்க, நம்ம நாட்டுல வலதுபக்கம்தானே போகும். எந்த நாடோ.”

“இருந்தா என்ன? குண்டு குண்டுதானே?”

“இதைப் போட்டா, நாளைக்கு நிஜமானதையும் பொய்யின்னுடுவாங்க.”

“நீ யார் பக்கம்டி?” என்று கேட்டுவிட்டு ரயிசா கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனாள். அதன்பிறகு லிஃப்ட்டில் முகம் பார்க்கவில்லை. லிஃப்ட் ஓடாத நாட்களில் படியிலும் பார்க்கவில்லை.

கடைசியில் சொலோமியாவே போய்க் கதவைத் தட்டினாள். “குண்டு விழுந்த அன்னைக்குக் காலையில நீங்க எடுத்தது ஏதாவது போன்ல இருக்குங்களா?”

“பூனையத்தான் எடுத்தேன். நீனாவுக்கு அனுப்பலாம்னு.”

வீடியோவில் வெள்ளைப் பூனை ஜன்னலோரம் உட்கார்ந்து காலை நக்கியது. அதன் காதுக்கு மேலே, தூரத்துப் புகைபோக்கியைத் தாண்டி, ஒரு கோடு இறங்கியது. பிறகு பூனை இல்லை, கண்ணாடியும் இல்லை.

புகைபோக்கியையும் நிழல்களையும் செயற்கைக்கோள் படத்தோடு பொருத்திப் பார்த்தாள் சொலோமியா. கோடு வந்தது ரஷ்ய எல்லைப் பக்கமிருந்து. குழுவின் அறிக்கை வெளியானது. வழக்கு அதிகாரிகள் வந்து ரயிசாவின் போனை உறையிலிட்டு முத்திரை வைத்துக் கொண்டுபோனார்கள். அறிக்கைக்குக் கீழே கருத்து எழுதியவர்களில் பாதிப்பேர் பூனை பிழைத்ததா என்று கேட்டிருந்தார்கள். பிழைத்தது. இப்போது அலமாரிக்கு அடியிலேயே குடியிருக்கிறது.

நீதிமன்ற விசாரணை எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

ஒரு மாலை ரயிசா உருளைக்கிழங்குக் கொழுக்கட்டைத் தட்டோடு வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

“அந்த வீடியோவுல நீனா தெரியுறாளா?”

“இல்லைங்க. மருந்துக்கடைய கட்டடம் மறைக்குது.”

“நல்லது,” என்றாள் ரயிசா. “ஆறிப்போகுது. சாப்பிடு.”