களி உருண்டை இரண்டு

மீனாட்சிபுரத்துப் பக்கம் மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவர் அவர். மிருகாசுபத்திரி வராந்தாவில் ஒரே ஒரு முறை பார்த்தேன். பூனைக்கு ஊசி போட நான் காத்திருந்தேன். சட்டையெல்லாம் சாணி வாசத்தோடு, வயதான நாட்டு நாய் ஒன்றை நடத்திக்கொண்டு டாக்டரம்மாவின் அறையிலிருந்து அவர் வெளியே வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“தோல்ல புத்துக்கட்டிங்க. மாத்திரையில நல்லாச் சுருங்கிருச்சாம். நிறுத்தாமக் குடுக்கச் சொல்லிட்டாங்க.”

தூக்குப்போசியைத் திறந்து ராகிக்களியில் இரண்டு உருண்டை பிடித்தார். பிறகு ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டார். அந்த மாத்திரையை வெறுங்கையால் தொடக்கூடாதாம், உடைக்கவும் கூடாதாம். ஓர் உருண்டைக்குள் அதை முழுசாகப் புதைத்து, கையுறையைக் கழற்றிவிட்டு, இரண்டையும் தனித்தனி இலைத்துண்டில் நாயின் முன்னால் வைத்தார்.

“எதுக்குங்க ரெண்டு?”

“ஒண்ணு எனக்குங்க. நாங் கூட உக்காந்து திங்காட்டி இது வாயே வெக்காது.”

“மாறிப்போச்சுன்னா?”

“மாறாதுங்க. பாருங்க.”

நாய் இரண்டையும் மோந்து பார்த்தது. மாத்திரை இல்லாத உருண்டையை இலையோடு மூக்கால் அவர் பக்கம் தள்ளிவிட்டு, மற்றதை நிதானமாகத் தின்றது.

“மாத்திரைன்னு தெரிஞ்சேவா திங்குது?”

“தெரியுமுங்க. நாந்தான் ஏமாத்தறன்னு நெனச்சுட்டிருந்தேன்.” தன் உருண்டையைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார். “நான் ஒத்தையில திங்கோணுமேன்னு எம்மேல பாவம் பாக்குதோ என்னமோங்க.”