பனியில் போகிற ஆள்

மாலை நான்கு பத்துக்குச் செய்தி வந்தபோது, முத்துக்குமார் வெள்ளைத் தாளின் மேல் ஒரு தட்டைக் கவிழ்த்து அதைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டுக்கொண்டிருந்தார். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு கேட்டார். "சரிப்பா," என்றார். கொஞ்சம் கழித்து மறுபடியும், "சரிப்பா." வட்டத்தை முடித்துவிட்டு, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு சமையலறைக்கு வந்தார்.

"அண்ணி, அடுப்ப அணைங்க."

போலந்தில் ஒரு கிடங்கில் வேலை பார்த்துக்கொண்டிருந்த என் கணவர் லோகேஷ் தூக்கத்திலேயே இறந்துபோயிருந்தார். கூடத் தங்கியிருந்த தினேஷ்தான் போன் செய்தது. உடல் வந்து சேர இரண்டு வாரமாவது ஆகுமாம். பிள்ளைகளிடம் நான் எதுவும் சொல்ல வேண்டாம், தானே சொல்லிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு முத்துக்குமார் கத்தரிக்கோலைத் தேடிக்கொண்டு கூடத்துக்குப் போனார்.

அவர் என் கணவரின் தம்பி. பட்டுத்தறி நெய்கிறவர். அறுந்த இழையைப் பார்க்காமலே, பேசிக்கொண்டே முடிச்சுப் போட்டுவிடுவார். டீயை ஆற வைத்துவிட்டு, ஆறியதும் சூடு இல்லையே என்று குறைப்படுவார். புடவை முந்தியில் கை வைத்துவிட்டால் அது முடியும்வரை சாப்பிடக் கூப்பிடக் கூடாது. "பாதியில எழுந்தா சோறு எறங்காதுங்க அண்ணி," என்பார்.

என் மகள் ஜோதிகா யு.கே.ஜி. படிக்கிறாள். அவள் தம்பிக்கு இரண்டு வயது. தாளைக் கிழிப்பதும் தின்பதும் அவன் பங்கு. அப்பா வீடியோ காலில் காட்டிய பனியை நம் வீட்டுச் சுவரிலும் செய்து, அடுத்த காலில் அப்பாவுக்குக் காட்ட வேண்டும் என்பது அவள் திட்டம். முக்கியமாக ஒரு பனிமனிதன்.

அன்று சாயங்காலமே முத்துக்குமார் பனிமனிதனுக்குக் குரங்குக் குல்லா வைத்தார். கழுத்தில் மப்ளர். கையில் பால் தூக்கு. மார்கழிக் காலையில் எங்கள் தெருவில் அப்படித்தான் ஆட்கள் போவார்கள். ஜோதிகா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"சித்தப்பா, இவரு பனியில போற ஆளு. பனிமனிதன்னா பனியே ஆளு."

"பனி எப்டிமா ஆளாவும்? வெயில் வந்தா பூடுமே."

"அப்பா வீட்டாண்ட போவவே போவாதாம்."

அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். பிறகு எடுத்து, குல்லாவை மெதுவாகப் பிரித்தார்.

அதன்பின் நடந்ததுதான் எனக்கு விளங்கவில்லை. துக்கம் கேட்க வந்தவர்களை வாசலிலேயே பேசி அனுப்பினார். நான் படுத்திருந்ததற்குக் காய்ச்சல் என்று பிள்ளைகளிடம் காரணம் சொன்னார். தறிவேலை முடிந்ததும் கால் கழுவிக்கொண்டு பிள்ளைகளோடு உட்கார்ந்துவிடுவார். புடவை மடிப்புக்குள் வைக்கிற மெல்லிய தாளை மடித்துப் பனிப்பூ வெட்டுவார். மடிப்புப் பக்கத்தையே வெட்டித் துண்டு துண்டாக்குவார். அவ்வளவு சுத்தமான கைக்காரர் செய்கிற தப்பா இது? பனிமனிதனின் பொத்தான் கோணல் என்று பிய்ப்பார். பசை நீர்த்துவிட்டது என்பார்.

அப்பாவைக் கூப்பிடு என்று ஜோதிகா போனை நீட்டும்போதெல்லாம் ஒரே பதில்தான்.

"முழுசா முடிச்சிட்டு காட்டலாம்மா. அரைகொறையா பாத்தா உங்கப்பன் நம்மளக் கிண்டல் பண்ணிக்கினே இருப்பான்."

இது நாள் தள்ளுவதா? அல்லது முடித்துவிட்டால் அண்ணன் பார்ப்பான் என்று அவருக்குள் எங்கோ இருக்கிறதா? ஒருநாள் பூவை வெட்டியபடியே கேட்டார்: "அண்ணி, அங்க இப்போ பகலா, ராத்திரியா?" நானும் மணியைக் கழித்துப் பார்த்து, பகல்தான் என்றேன். அவர் அடுத்த தாளை மடித்தார்.

நாளைக் காலை அவர் உடலோடு விமானம் வருகிறது.

இன்று சாயங்காலம் சுவர் நிறையப் பனி. பொத்தான்கள் நேராக இருந்தன. புடவைப் பெட்டி அட்டையில் வெட்டிய சிவப்பு வாய் ஒன்றுதான் பாக்கி. இதை ஒட்டியதும் அப்பாவைக் கூப்பிடலாம் என்று ஜோதிகா போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முத்துக்குமார் வாய்க்குப் பசை தடவி, கட்டைவிரல் நுனியில் ஏந்திச் சுவர்வரை கொண்டுபோனார். அங்கேயே நின்றார்.

"ஜோதிமா," என்றார். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

அவர் திரும்பித் தறிக்குப் போய்விட்டார். பசை காய்ந்து, அந்தச் சிவப்புத் துண்டு அவர் விரலிலேயே ஒட்டியிருந்தது. பனிமனிதனுக்கு இன்னும் வாய் வைக்கவில்லை.